பழைய செடான் காரில் மின்கோளாறு: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

பழைய சிட்டி, வெர்னா, சியாஸ், வென்டோ போன்ற ஒரு செடானை வாங்கியவர் மின்கோளாறில் பணத்தை விடுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் புது பேட்டரி. அதுவும் டவுன் ஆனதும் அதை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். அதையும் மாற்றிய பிறகுதான், பழைய ஓனர் போட்ட ஸ்டீரியோவின் ஒரு வயர் ராத்திரி முழுக்க கரண்ட்டைக் குடித்துக்கொண்டிருந்தது தெரியவரும். கழற்றிப் போட்ட பாகங்கள் நல்லவைதான், பார்த்த வரிசைதான் தப்பு.

எட்டு, பத்து வருடம் ஓடிய காரில் கம்பெனி போட்ட வயரிங் தானாகக் கெட்டுப்போவது குறைவு. பச்சை பூத்த இணைப்பு, அசையும் இடத்தில் நைந்த வயர், யாரோ வெட்டி ஒட்டிய இடம் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். கீழே உள்ள வரிசை இதை வைத்து அமைத்தது. படிகளைத் தாண்டிப் போகாதீர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் சரியாக இருந்தால்தான் ஆறாவதில் வரும் அளவுக்கு அர்த்தம் உண்டு.

1. வேலைக்கு உட்காரும் முன்

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. ஆனால் 10 ஆம்பியர் வரை கரண்ட் அளக்கத் தனி சாக்கெட் இருக்க வேண்டும்.

அதோடு ஒரு டெஸ்ட் லேம்ப். பழைய 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்தாலே போதும். மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே இழையில் தொங்கும் வயரிலும் மீட்டர் 12.5 வோல்ட் என்றுதான் காட்டும், ஏனென்றால் மீட்டர் எடுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. அந்தப் பல்பு எரிய ஏறக்குறைய 2 ஆம்பியர் ஓட வேண்டும். வயர் பலவீனமாக இருந்தால் பல்பு மங்கி உண்மையைச் சொல்லிவிடும். இசியூ (எஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டி), சென்சார், ஏர்பேக் வயர்களில் மட்டும் இந்தப் பல்பை வைக்கக் கூடாது. அவை இவ்வளவு கரண்ட்டைத் தாங்காது.

10 நம்பர் ஸ்பேனர், வயர் பிரஷ், உப்புத்தாள், சமையல் சோடா, வாசலின், கொஞ்சம் பியூஸ்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேடு பியூஸில் நிறமே அளவைச் சொல்லும்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. காரின் கோளாறுக் கோடுகளைப் போனில் காட்டும் புளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்று இருந்தால் நல்லது. அது செருகும் இடம் பெரும்பாலும் டிரைவர் காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும்.

பேட்டரியைக் கழற்றும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி ஸ்டீரியோ என்றால் சில கார்களில் மின்சாரம் போய் வந்ததும் கோடு (ரகசிய எண்) கேட்கும். அது சர்வீஸ் புக்கில் ஒரு ஸ்டிக்கராக ஒட்டியிருக்கலாம், பழைய ஓனரிடமும் இருக்கலாம். கழற்றிய பிறகு தேடினால் பாட்டு இல்லாமல்தான் ஓட்ட வேண்டும்.

2. பேட்டரியை ஓய்வில் அளப்பது

ஓட்டிவிட்டு வந்த கையோடு அளந்தால் எந்த பேட்டரியும் நல்ல பேட்டரியாகத்தான் தெரியும். சார்ஜ் ஆனதன் மேல்பூச்சு அது. ராத்திரி நிறுத்தி, காலையில் கதவைத் திறக்கும் முன்பே அளக்க முடிந்தால் சிறப்பு. அதற்கு முந்தின இரவே பானெட்டைத் திறந்து லேசாகச் சாத்தி வைத்துவிடுங்கள். பொறுக்க முடியாதவர்கள் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்துவிட்டு, கொஞ்சம் கழித்து அளக்கலாம்.

12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. இந்த எண் பேட்டரியில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லும், பேட்டரி நல்லதா கெட்டதா என்று சொல்லாது. புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

நல்லதா என்று பார்க்க, முதலில் முழுதாக சார்ஜ் செய்யுங்கள். பிறகு ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் பேட்டரி முனையிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். செல்ஃப் சுற்றும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். 10-க்கு மேலே நின்றும் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரி குற்றவாளி இல்லை, அடுத்த படிக்குப் போங்கள். பேட்டரியின் மேல் உள்ள தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் நாலு வருடம் தாண்டியது என்றால் அது ஓடும்வரை லாபம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சியாஸ் எஸ்எச்விஎஸ் போல எஞ்சின் தானே நின்று தானே கிளம்பும் கார்களுக்குச் சாதாரண பேட்டரி ஒத்துவராது. பழைய ஓனர் பணம் மிச்சப்படுத்த சாதாரண பேட்டரி போட்டிருக்கிறாரா என்று லேபிளைப் படித்துப் பாருங்கள்.

3. டெர்மினலும் எர்த்தும்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். பழைய காரில் விசித்திரமாகத் தெரியும் கோளாறுகளில் ஒரு பெரும் பங்கு இங்கேயே தீர்ந்துபோகும், செலவும் கிட்டத்தட்ட இல்லை.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பாடி முழுக்க மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றினால், ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்ட அந்த நொடியே ஷார்ட் ஆகும். ஸ்பேனர் உருகி ஒட்டிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றுங்கள், நுரைத்து இறங்கும். காய்ந்ததும் முனையையும் கிளாம்பின் உட்பக்கத்தையும் பளபளவென்று தேயுங்கள். இறுக்கிய பிறகு கையால் திருகிப் பாருங்கள், துளிகூட அசையக் கூடாது. வாசலின் பூசுவது அதற்கு அப்புறம், வெளிப்பக்கம். உள்ளே பூசிவிட்டு மாட்டுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி. பேட்டரி மைனஸிலிருந்து ஒரு வயர் பாடிக்கும், ஒன்று எஞ்சினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகும். எஞ்சினிலிருந்து பாடிக்குத் தனியே ஒரு பட்டையும் பெரும்பாலும் இருக்கும். போல்ட் வெளியே இருந்து பார்க்க நன்றாகவே தெரியும். கழற்றிப் பார்த்தால் அடியில் துரு, அல்லது டெண்ட் எடுத்துப் பெயின்ட் அடித்தபோது லக்குக்கு (வயர் முனையின் வளையத்துக்கு) அடியிலும் பெயின்ட் போயிருக்கும். வயரின் உறைக்குள் செம்பு கறுத்துப் பொடியாகி இருப்பதும் உண்டு, விரலால் அழுத்தினால் நறநறவென்று தெரியும்.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், அளந்துவிடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்தில் வையுங்கள், கிளாம்பில் அல்ல. சிவப்பு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. ஒரு வோல்ட் காட்டினால் அந்த ஒரு வோல்ட்டும் வழியில் சூடாகக் கரைகிறது என்று அர்த்தம். சிவப்பு முனையை எஞ்சினிலிருந்து பாடிக்கு மாற்றி, ஹெட்லைட், ப்ளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு மறுபடி அளந்தால் பாடி எர்த்தும் தெரிந்துவிடும்.

இதே முறையில் பிளஸ் பக்கம்: பேட்டரி பிளஸ்ஸுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த வயர் வந்து சேரும் போல்ட்டுக்கும் இடையே, செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது.

4. செல்ஃப்: காதுக்கு வேலை

சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் என்பதே பாதி விடை.

டகடகவென்று வேகமாக அடித்தால் பேட்டரி காலி, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு கனமான 'டக்' என்று கேட்டு, விளக்குகளும் மங்காமல் இருந்தால் செல்ஃபின் சோலனாய்டு (காந்த சுவிட்ச்) வேலை செய்கிறது, ஆனால் உள்ளே உள்ள செம்பு காண்டாக்ட் அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. செல்ஃபைக் கழற்றி பிரஷ், காண்டாக்ட் மாற்றினால் பெரும்பாலும் போதும், முழு செல்ஃப் தேவைப்படாது.

சத்தமே இல்லை என்றால் செல்ஃபுக்குக் கட்டளையே போகவில்லை. மேனுவல் காரில் கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக்கில் கியர் நிலையைச் சொல்லும் சுவிட்ச், அப்புறம் ஸ்டார்ட்டர் ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), இக்னிஷன் சுவிட்ச் என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் காரை 'பி'-யிலிருந்து 'என்'-க்கு நகர்த்தி ஸ்டார்ட் செய்து பாருங்கள். கிளம்பிவிட்டால் அந்த சுவிட்ச்தான். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் ரிமோட்டின் உள்ளே உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள், பெரும்பாலான கார்கள் அப்போதும் கிளம்பும்.

5. சார்ஜிங்

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி, ப்ளோயர் எல்லாம் போட்டு ஆக்ஸிலேட்டரை லேசாகக் கொடுத்தாலும் 13.5-க்கு மேலேயே நிற்க வேண்டும். 15-ஐத் தொட்டால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி வெந்து, பல்புகள் அடிக்கடி பியூஸ் ஆகும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஹோண்டா உட்படச் சில கார்கள் பெட்ரோல் மிச்சப்படுத்த, லோடு இல்லாதபோது சார்ஜிங்கைத் தாங்களே குறைத்துவிடும். ஐட்லிங்கில் 12.5 அல்லது 12.8 என்று காட்டும். அதைப் பார்த்து ஆல்டர்னேட்டர் போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள். ஹெட்லைட்டையும் ப்ளோயரையும் போட்டவுடன் 14-க்கு ஏறினால் ஆல்டர்னேட்டருக்கு ஒன்றும் இல்லை.

லோடு போட்டும் ஏறவில்லை என்றால் முதலில் பெல்ட் தளர்ச்சி, அப்புறம் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரும் அதன் மெயின் பியூஸும், அதற்கும் அப்புறம்தான் ஆல்டர்னேட்டர். பிரஷ், ரெகுலேட்டர், டயோடு தனித்தனியே கிடைப்பவை. டயோடைச் சந்தேகித்தால் மீட்டரை ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட்டில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு லீக். விலை குறைந்த சில மீட்டர்கள் ஏசி நிலையில் டிசி-யையும் சேர்த்துக் காட்டும். அதனால் எஞ்சின் நின்றிருக்கும்போது பூஜ்யம் வருகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, நின்றுபோகிறதா பார்ப்போம் என்று யாராவது கை வைத்தால் தடுத்துவிடுங்கள். அம்பாசடர் காலத்து டைனமோவுக்கு அந்த வித்தை சரி. இப்போது பேட்டரி விலகியதும் வோல்டேஜ் ஒரு கணம் எகிறும், அது இசியூவைக் கொன்றுவிடக் கூடும்.

6. ராத்திரியில் யார் குடிப்பது

பேட்டரி, எர்த், சார்ஜிங் மூன்றும் சரி, ஆனாலும் இரண்டு நாள் நிறுத்தினால் டவுன். அப்போதுதான் இந்தப் படி.

காரை அணைத்த பிறகும் கடிகாரம், அலாரம், இசியூ நினைவகம் எல்லாம் துளித்துளியாகக் கரண்ட் எடுக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை நியாயம். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியைப் பாதியாக்க அதற்கு இரண்டு வாரம் ஆகும். அதுவே 300 மில்லி ஆம்பியர் ஓடினால் இரண்டரை நாளில் பாதி போய்விடும்.

அளக்கும் முன் காரைத் தூங்கவிட வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்து, பானெட் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பூட்டிவிடுங்கள், அலாரம் உள்ள கார் மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். டிரைவர் கதவையும் அப்படியே. சாவி காரிலிருந்து தள்ளியே இருக்கட்டும், பட்டன் ஸ்டார்ட் காரில் ரிமோட் பக்கத்தில் இருந்தால் கார் விழித்துக்கொள்ளும்.

மைனஸ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே இணையுங்கள். முதலில் சில ஆம்பியர்கூடக் காட்டும், பயப்பட வேண்டாம். அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். இந்த அரை மணிக்குள் அவசரப்பட்டு, 'ஒரு ஆம்பியர் போகுது' என்று பியூஸைப் பிடுங்கத் தொடங்குவதுதான் வழக்கமான தப்பு. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைப் போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும்.

அரை மணிக்குப் பிறகும் அதிகமாக ஓடினால், பியூஸ்களைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பது ஒரு வழி. அதில் ஒரு சங்கடம்: பியூஸைத் திரும்பச் செருகும்போது அந்தப் பகுதி விழித்து, மறுபடி அரை மணி காக்க வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்தது வேறு வழி. மீட்டரைக் கழற்றி கிளாம்பைப் பழையபடி மாட்டி, கார் மீண்டும் தூங்கியதும் மீட்டரை மில்லி வோல்ட்டில் வையுங்கள். ஒவ்வொரு பியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொடுங்கள். கரண்ட் ஓடாத பியூஸில் 0.0 வரும். ஏதோ ஒன்றில் 0.5, 1 என்று வந்தால் அந்த வழியில்தான் கசிவு. பியூஸ் பட்டியலைப் பார்த்து அது எதற்குப் போகிறது என்று பின்தொடருங்கள்.

வழக்கமாக மாட்டுபவை சில. டிக்கி விளக்கு, மூடிய பிறகும் எரியும். போனை உள்ளே வீடியோ எடுக்கவிட்டு டிக்கியை மூடினால் தெரிந்துவிடும். குளோவ் பாக்ஸ் விளக்கு. ஒட்டிக்கொண்ட ரிலே. ஓபிடி-யில் செருகி மறந்த அடாப்டர், டேஷ் கேமரா.

பிரேக் விளக்குக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரேக் பெடலில் சுவிட்ச்சின் மூக்கு அழுந்தும் இடத்தில் காசு அளவுக்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு ஓர் ஓட்டையை அடைத்திருக்கும். வயதானால் அது நொறுங்கிவிடும். மூக்கு அந்த ஓட்டை வழியே வெளியே வந்து, பிரேக்கை விட்டாலும் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். டிரைவர் காலடி மேட்டில் நொறுங்கிய பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் வேறெங்கும் தேடாதீர்கள். துண்டின் விலை அற்பம், அதைப் போட ஐந்து நிமிடம்.

எந்தப் பியூஸிலும் ஓட்டம் தெரியாமல், மொத்தத்தில் மட்டும் கசிவு தெரிந்தால் ஆல்டர்னேட்டர் டயோடு நினைவுக்கு வர வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற காரில் ஆல்டர்னேட்டர் மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான்.

7. பழைய ஓனரின் கைவேலை

ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, ஜிபிஎஸ், சென்ட்ரல் லாக், இரட்டை ஹார்ன், காலடியில் நீல விளக்கு. இவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து கரண்ட் எடுக்கிறது என்று வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள்.

வெளிக்கடை ஸ்டீரியோவில் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் உள்ள இடத்துக்கும், சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் வரும் இடத்துக்கும் போக வேண்டும். கோடும் ட்யூனிங்கும் அழியாமல் இருக்க மஞ்சள், அணைந்து எழ சிவப்பு. 'சாவி இல்லாமலும் பாட்டு வேணும்' என்று யாரோ கேட்டதற்காக இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டிருப்பார்கள். ஸ்டீரியோ அப்போது தூங்கவே தூங்காது.

முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். டேப்பின் பசை வெயிலில் உருகி வழிந்து, முறுக்கு தளர்ந்திருக்கும். கிரிம்ப் செய்தோ பற்றவைத்தோ ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். தேவையில்லாத பொருளை சுவிட்ச்சில் அணைத்து வைப்பதில் அர்த்தமில்லை, வயரோடு எடுத்துவிடுங்கள். வைத்துக்கொள்ளும் பொருளுக்கு, கரண்ட் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தனி பியூஸ் கட்டாயம். பியூஸ் காப்பது வயரைத்தான். தூரத்தில் போட்டால் அதற்கு முன்னால் உள்ள நீளம் காப்பில்லாமல் கிடக்கும்.

8. பியூஸ், ரிலே

ஒரு பியூஸ் இரண்டாவது முறையும் போனால் பெரிய பியூஸ் போடாதீர்கள். 10 போன இடத்தில் 30 போட்டால் அடுத்து எரிவது வயர், சில சமயம் கார். பியூஸுக்குப் பதில் டெஸ்ட் லேம்ப் பல்பை அந்த இடத்தில் இணைத்துவிட்டு வயரை அங்கங்கே அசைத்துப் பாருங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். எந்த இடத்தை அசைத்தபோது மங்கியதோ அங்கே பிரியுங்கள். நாலைந்து பியூஸை எரித்துத் தேட வேண்டாம்.

ரிலேயைச் சோதிக்க அதே எண் போட்ட இன்னொரு ரிலேயை இடம் மாற்றுங்கள். ஹார்ன் ரிலே பெரும்பாலும் கைகொடுக்கும்.

9. விளக்குகள்

எச்4 பல்புக்குக் கம்பெனி வைத்த அளவு 60/55 வாட். கடையில் 100/90 கிடைக்கிறது. இரண்டு பக்கமும் 100 வாட் என்றால் 16 ஆம்பியருக்கு மேல் அதே பழைய சுவிட்ச் வழியாக ஓட வேண்டும். ஹோல்டர் பழுப்பாகி உருகுவதும், ஸ்டீயரிங் பக்கத்து லைட் சுவிட்ச் கருகுவதும் இதனால்தான். ஹோல்டரைப் பிடுங்கிப் பாருங்கள். பழுப்பு நிறம் தெரிந்தால் ஹோல்டரையும் மாற்றி, பழைய வாட் பல்புக்கே திரும்புங்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் ஹெட்லைட்டின் முன்கண்ணாடியைப் பாலிஷ் போட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

பிரேக் அடித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்குகிறதா? பின்விளக்கின் எர்த் போய்விட்டது. திரும்பி வர வழி இல்லாத கரண்ட் பக்கத்துப் பல்பு வழியாக நுழைகிறது. விளக்கின் எர்த் வயரிலிருந்து பாடிக்குத் தற்காலிகமாக ஒரு வயர் கொடுத்துப் பாருங்கள், சரியானால் முடிந்தது. ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு பியூஸ், அல்லது யாரோ எல்இடி போட்டிருக்கிறார்கள்.

10. கதவு

பவர் விண்டோ இறங்கவில்லை என்றால் கதவைப் பிரிக்கும் முன் ஒரு சோதனை. எஞ்சினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, உள்விளக்கைப் போட்டுக்கொண்டு விண்டோ சுவிட்ச்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் கரண்ட் மோட்டார் வரை போகிறது. மோட்டாரோ, கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரோ சிக்கியிருக்கிறது. மங்கவே இல்லை என்றால் கரண்ட் போகவில்லை: சுவிட்ச், பியூஸ், அல்லது வயர்.

வயர் என்றால் கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் பாருங்கள். டிரைவர் கதவு தினமும் திறந்து மூடப்படுவதால் அங்கேதான் செம்பு ஒடியும். உறை முழுசாக இருக்கும், உள்ளே இழை அறுந்திருக்கும். இழுத்தால் அந்த வயர் மட்டும் ரப்பர் போல நீளும். கதவைத் திறக்கும்போது வேலை செய்து மூடும்போது நின்றால் சந்தேகமே வேண்டாம். இங்கே பற்றவைப்பதாக இருந்தால், மடியும் இடத்தில் பற்றவைக்கக் கூடாது. ஈயம் ஏறிய இடம் விறைத்து மறுபடி ஒடியும். இரண்டு பக்கமும் தள்ளி இணைப்பு வைத்து, நடுவே வளையும் மெல்லிழை வயர் போடுங்கள்.

11. ப்ளோயர், ரேடியேட்டர் ஃபேன்

ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர். பெரும்பாலும் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இரண்டு ஸ்க்ரூவில் இருக்கும். புதிதும் சீக்கிரம் போனால் ப்ளோயர் மோட்டாரே இறுகி அதிக கரண்ட் எடுக்கிறது. கேபின் ஃபில்டரையும் மோட்டாரில் சிக்கிய சருகையும் பாருங்கள்.

டிராஃபிக்கில் மட்டும் ஏசி குளிரவில்லை, சூடு முள் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் ஃபேன். ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ரிலேயை மாற்றிப் பார்த்து, அப்புறம் பேட்டரியிலிருந்து பியூஸோடு நேராகக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். எஞ்சின் அணைந்திருந்தாலும் சூட்டில் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். கை வைக்கும் முன் அதன் கப்ளரை (வயர் செருகியை) கழற்றிவிடுங்கள்.

12. தண்ணீரும் எலியும்

முன் இடது காலடி மேட்டுக்கு அடியில் கையை வைத்து அழுத்துங்கள். ஈரம் இருந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது வைப்பருக்கு அடியில் உள்ள வடிகாலில் வேப்பிலைச் சருகு. அந்த ஈரத்துக்குச் சற்று மேலேதான் பல கார்களில் வயரிங் கட்டும் கண்ட்ரோல் பெட்டியும் இருக்கும். மழை நாளில் மட்டும் வரும் கோளாறுக்கு வேர் பெரும்பாலும் இங்கே.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற கார் வேறு ஊருக்குப் போய், கழுவி, விற்பனைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து அடிப்பகுதியில் மண் கறை பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள கப்ளரைக் கழற்றினால் பின்னில் பச்சை. ஸ்டெப்னி பள்ளத்தின் மூலையில் வண்டல். இவற்றில் இரண்டு இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். தண்ணீர் வயருக்குள்ளேயே ஏறி நடந்திருக்கும், ஒரு கப்ளரைச் சுத்தம் செய்த மறுமாதம் இன்னொன்று தொடங்கும்.

எலி கடித்தது ஒரு வயர் என்றால் ஒட்டலாம். கட்டாகக் கடித்திருந்தால் அந்த வயரிங் பகுதியையே மாற்றுவது நல்லது. விஷம் வைக்காதீர்கள், ஏசி குழாய்க்குள் செத்துக் கிடந்தால் அந்த வாடை போகாது.

13. மீட்டர் போர்டு விளக்குகள்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வோல்டேஜ் குறைந்தால் ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், எஞ்சின் விளக்கு எல்லாம் ஒன்றாக எரியும். ஓபிடி அடாப்டர் காட்டும் கோடுகளில் பி0562 என்பது வோல்டேஜ் குறைவு, யு0100 என்பது இசியூவோடு தொடர்பு அறுந்தது. இவற்றோடு பத்து கோடு வந்தாலும் பத்து பாகம் கெட்டதாக அர்த்தமில்லை. கோடுகளைப் படம் எடுத்துக்கொண்டு, அழித்து, முதல் ஐந்து படிகளை முடித்து, ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள். திரும்ப வருவது மட்டுமே உண்மை.

ஹார்ன், ஸ்டீயரிங் பட்டன்கள், ஏர்பேக் விளக்கு மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கேபிள் அறுந்திருக்கிறது. சீட்டைக் கழற்றி மாட்டிய பிறகு ஏர்பேக் விளக்கு வந்தால் சீட்டுக்கு அடியில் உள்ள கப்ளர். ஏர்பேக் கப்ளர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறம். அவற்றில் மீட்டரையோ டெஸ்ட் லேம்ப்பையோ வைக்கவே கூடாது, அந்தச் சின்னக் கரண்ட்டே பையை வெடிக்க வைக்கலாம். கேபிள் மாற்றுபவர் பேட்டரி மைனஸைக் கழற்றி மூன்று நிமிடமாவது காத்திருக்கிறாரா என்று பாருங்கள். காத்திருக்காமல் ஸ்டீயரிங்கில் கை வைத்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

சாவிப் படம் போட்ட விளக்கு மினுங்கிக்கொண்டே, செல்ஃப் சுற்றியும் எஞ்சின் கிளம்பவில்லை என்றால் இம்மொபைலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்பூட்டு) சாவியை ஏற்கவில்லை. சாவிக்கொத்தில் வேறு வண்டியின் சிப் சாவி இருந்தால் தனியே எடுத்துவிட்டு முயலுங்கள், பிறகு இரண்டாவது சாவியால். இரண்டாவது சாவியே இல்லாத காரை வாங்கியிருந்தால், இருக்கும் சாவி வேலை செய்யும்போதே ஒரு டூப்ளிகேட் பதிவு செய்துவிடுங்கள். கடைசிச் சாவியும் போன பிறகு அந்த வேலை பல மடங்கு செலவு வைக்கும், சில கார்களில் இசியூவைக் கழற்றும் அளவுக்குப் போகும்.